ஊசியக்காவும் கெதார் என்ற சொல்லும்

எங்கள் தெருவில் ஊசியக்காவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. ஒன்று, அவளிடம் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் அவள் வாயில் விழுந்து எழுந்திருப்பார்கள். ஊசி என்ற பெயர் தொழிலால் வந்ததா, வாயால் வந்ததா என்று கேட்டால், “துணிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு ஊசியும் என்கிட்ட இருக்கு” என்பாள்.

என் மருந்துக்கடைக்கும் அவள் தையல்கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் தும்மினால் இங்கே நான் மாத்திரை எடுத்து வைப்பேன். நான் வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தினால் அங்கே இயந்திரம் நின்றுவிடும்; காது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அவளைவிட ஐந்தாறு வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா புதுத்துணி தைப்பதில்லை. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது, இவ்வளவுதான். “உடம்பு மாறிக்கிட்டே இருக்கும். துணி அப்படியே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல சமாதானம் பேச ஒரு ஆள் வேணாமா?” என்பாள். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் காலர், மத்தியானம் காலர், கனவிலும் காலர். “சட்டைக்குக் கீழ்ப்பாதி ஒண்ணு உண்டுங்கிறதே எனக்கு மறந்துபோச்சு” என்று சிரிப்பாள். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தவள் திரும்பி உள்ளே போகவில்லை. நேராகப் பழைய சாமான் விற்கிற இடத்துக்குப் போய், ஒரு தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, சத்தம் பிடித்திருந்ததால் வாங்கிவிட்டாள்.

கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. ஒரு முறை அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு முறை வந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு கடையை மூடிவிட வேண்டும் என்றான். “கடையோட கதவு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டட்டுமா?” என்று அக்கா கேட்டாளாம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அதை நினைத்து அவள் மூலையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்ததில்லை. அப்பா காலமான பிறகு அம்மாவும் அவளும் பின்தெருவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளில் இருந்தார்கள். அம்மாவுக்குப் பேச்சுதான் மூச்சு. காலையில் கண் விழித்ததும் எடுத்த பேச்சு, மகள் கடைக்குக் கிளம்பும்போது பாதியில் நிற்கும். சாயங்காலம் கதவைத் திறந்ததும் அதே வாக்கியத்தின் மறுபாதி வந்து மோதும்.

நாற்பத்து மூன்று வயதுவரை அக்காவின் கதை இவ்வளவுதான். அப்புறம் லிப்ட்காரர் வந்தார்.

எங்கள் கடைகளுக்கு எதிர்வரிசையில் ஆஸ்பத்திரி. அதற்குப் பக்கத்தில் அதே ஆஸ்பத்திரிக்காகப் புதிதாக ஒரு உயரமான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் லிப்ட் பொருத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அதில் ஒருவர் ஸ்பானிய மொழி பேசுகிறவர். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். கைகள் இரண்டும் முறம் மாதிரி. எங்கள் மொழியில் அவருக்கு அப்போது தெரிந்தது “வணக்கம்”, “தண்ணி”, “மெதுவா”. மூன்றாவது சொல் லிப்ட் கூண்டுக்குள் வேலை செய்கிறவனுக்கு உயிர்ச்சொல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் முதலில் வந்தது ஒரு நீல நிற வேலையுடுப்போடு. சட்டையும் பேன்ட்டும் சேர்ந்தாற்போல் ஒரே துண்டாக இருக்குமே, அது. முழங்காலில் ஒரு சாண் கிழிசல். அக்கா திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் துணி வைத்து, வெளியே தெரியாமல் நெருக்கமாக ஓட்டி, கூடவே கேட்காமலேயே தோள்பட்டையையும் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தாள். அவர் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி முன் கையைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார்.

“மே கேதா பியென்” என்றார்.

“யாரைக் கேக்கணும்?” என்றாள் அக்கா.

“கேதா. கேதா பியென்!” தோளைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார்.

அக்கா பலகைத் தடுப்பைத் தட்டினாள். நான் போய் என் கைபேசியின் மொழிபெயர்ப்பில் பார்த்தேன். ‘எனக்கு நன்றாகப் பொருந்துகிறது’ என்று வந்தது. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய தொழிலுக்கே உரிய சொல் அல்லவா? அன்று முழுக்க யார் எதைப் போட்டுப் பார்த்தாலும், “கேதாவா, கேதா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜிப் மாற்ற வந்த ஆசிரியை பயந்துபோய் என் கடைக்கு வந்து, “உங்க அக்காவுக்கு உடம்பு நல்லா இருக்கில்ல?” என்று விசாரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வேலையுடுப்பு அடிக்கடி கிழிந்தது. முழங்கை, பாக்கெட், மறுபடி முழங்கால். லிப்ட் வேலை என்றால் கிழியத்தான் செய்யும் என்று நானும் நினைத்தேன். ஒரு பாக்கெட் மட்டும் தையல் ஓரமாக, யாரோ நகத்தால் பிரித்ததுபோல நேர்க்கோட்டில் பிரிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இருமல் மருந்துகளை அடுக்கப் போய்விட்டேன்.

அவர் வந்தால் துணி பிரிக்கும் நேரம் கொஞ்சம், பேச்சு அதிகம். பேச்சு என்றால் பாதி கை, பாதி கண். அவர் எங்கள் சொற்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார். நூல், ஊசி, மழை, பசி. அக்கா ஏதாவது சொல்லிவிட்டு நிறுத்தினால் “அப்புறம்?” என்பார். அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாரோ, அதைச் சரியான இடத்தில் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவளும் அவரிடமிருந்து சொற்களைப் பொறுக்கினாள். ஆனால் அவளைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஒரே சொல்தான்.

ஒரு நாள் கறுப்பு நூல்கண்டைக் காட்டி, “கேதா?” என்றார். நூலைப் போய் யார் போட்டுப் பார்ப்பார்கள்? என்னிடம் கேட்டாள். பார்த்தால், ‘மிச்சம் இருக்கிறதா’ என்று வந்தது. இன்னொரு நாள் கட்டடத்தின் பக்கம் கையைக் காட்டி, “கேதா போகோ” என்றார். “போகணுமா? சரி, போங்க” என்று வழி விட்டாள் அக்கா. அவர் போகாமல் நின்றார். வேலை கொஞ்சம்தான் பாக்கி என்று சொல்ல வந்தாராம்.

பிறிதொரு நாள் அவர் பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். சுருட்டை முடியோடு ஒரு பெண், பக்கத்தில் பள்ளிக்கூட வயதில் ஒரு மகள். பெண்ணின் மேல் விரலை வைத்து, “மே கெதே வியூதோ” என்றார். அக்கா படத்தில் இருந்த கவுனைப் பார்த்துவிட்டு, “நல்லா பொருந்தியிருக்கு, தோள்ல மட்டும் லேசா தூக்கல்” என்று உற்சாகமாகச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. நான் கைபேசியை நீட்டினேன். ‘நான் மனைவியை இழந்து நின்றேன்’ என்று அது சொன்னது.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிறிது நேரம் அந்தப் படத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஓரம் மடங்கியிருந்ததை நகத்தால் நீவிச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம் வந்து, “ஏண்டி, பொருந்தறதும் மிஞ்சறதும் தனியா நிக்கறதும் எப்படி ஒரே வார்த்தையா இருக்கும்? அந்த ஊர்ல வார்த்தைக்குப் பஞ்சமா?” என்றாள். எனக்கு என்ன தெரியும்? அந்தச் சொல்லின் மூலச்சொல் ‘கெதார்’ என்று மட்டும் பார்த்துச் சொன்னேன். அதை ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

வியாழனோ வெள்ளியோ, அவர் வேலையுடுப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, கொஞ்சம் தயங்கி, “கெதாமோஸ் எல் சாபதோ?” என்றார். ‘சாபதோ’ என்றால் சனிக்கிழமை என்பது அக்காவுக்கு முன்பே தெரியும்; கடைக்கு வந்திருந்தபோது முதல் முறை அதைக் கேட்ட அவள் அம்மா, “யாருக்கு சாபம் விடறான்?” என்று பதறியதிலிருந்து அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து விரலை விரித்தார். அக்கா கணக்குப் போட்டாள்: கெதார் என்றால் பொருந்துவது; ஆக, சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போட்டுப் பார்க்க வருகிறார். “சரி, சரி” என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை வேலையுடுப்பைத் தைத்து, இஸ்திரி போட்டு, மாட்டியும் வைத்துவிட்டாள். ஐந்தடித்தது. ஆளைக் காணோம். நேரம் ஆக ஆக இயந்திரத்தின் சத்தம் கடுமையாகிக்கொண்டே போனது. “சொன்ன நேரத்துக்கு வராத ஆளெல்லாம் லிப்ட் போட்டா, அதுல ஏறினவன் கதி என்ன?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

நான் மருந்துப் பெட்டி ஒன்றை வாடிக்கையாளர் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தெருமுனைப் பழச்சாற்றுக் கடையின் வெளி மேசையில் லிப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. தலை படிய வாரியிருந்தது. முன்னால் இரண்டு கண்ணாடித் தம்ளர். இரண்டிலும் பனிக்கட்டி கரைந்து நிறம் வெளுத்திருந்தது. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

நடுத்தெருவிலேயே நின்று கைபேசியில் தேடினேன். ‘சனிக்கிழமை சந்திக்கலாமா?’ என்று வந்தது. ஓடினேன்.

“அக்கா! அவர் துணிக்காக வரல. உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. பழச்சாற்றுக் கடையில!”

“என்னடி உளர்ற?”

“கெதாமோஸ்னா சந்திக்கலாமான்னு அர்த்தமாம்.”

அக்கா இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். “அடப்பாவி மனுஷா! அந்த வார்த்தைக்கு இது வேற இருக்கா?” என்றாள். கண்ணாடியைப் பார்த்தாள், தலையை ஒதுக்கினாள், கிளம்பிவிட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது என்று நான் கத்தியது அவள் காதில் விழவில்லை. உடுப்பு முழுக்க நூல் பிசிறு. அப்படியே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். நான் என் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன கல்லா? அவர் அவள் கழுத்திலிருந்த நாடாவைப் பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பழச்சாற்றுக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். பழைய தம்ளர்களை எடுத்துவிட்டு அவரே புதிதாக இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அந்த மேசை அவர்களுடையது. அவள் காலர் தைத்த கதையைச் சொல்ல அவர் “அப்புறம்?” என்பார். லிப்ட் கம்பிவடத்தை எப்படிச் சோதிப்பது என்று அவர் விரலால் மேசையில் வரைந்து காட்ட அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். கைபேசி தேவைப்படுவது குறைந்தது. எனக்குச் சின்ன வருத்தம்தான்.

ஆனால் கட்டடம் உயர்ந்து முடிந்தது. வண்ணம் பூசினார்கள். லிப்ட்கள் ஓடத் தொடங்கின. குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர் ஒரு பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்துணி நைந்து தொங்கியது. குளிர் நாட்டில் போடுகிற கோட். அதை எதற்கு இப்போது சரிசெய்யச் சொல்கிறார் என்று அக்கா கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயம்தானே. அந்த வாரம் முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உள்துணியைக் கையாலேயே தைத்தாள். மெல்லிய சாம்பல் நிறத் துணி, சின்னச் சின்னத் தையல். இயந்திரத்தில் போட்டால் அரை நாள் வேலை என்று சொன்னேன். “எனக்கு இப்ப என்ன அவசரம்?” என்றாள்.

கோட்டை வாங்க அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். போட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நின்றார். கழுத்து, தோள், கை எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அவர் முகம் சரியில்லை. பெருமூச்சு விட்டு, “மே கேதா கிராந்தே” என்றார்.

கிராந்தே என்றால் பெரிசு. அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குச் சுரீர் என்று ஏறியது. ஒரு வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டது.

“பெரிசா? எங்க பெரிசு? காட்டுங்க! தோள்ல பெரிசா? கையில பெரிசா?” நாடாவை உருவி அவரைச் சுற்றி அளந்தாள். “இதோ பாருங்க, இதோ! இதுக்கு மேல பிடிச்சா மூச்சு விட முடியாது. போறவரு நல்லபடியா போகணும்னு கண்ணு பூத்துப்போய் தைச்சிருக்கேன், பெரிசாம்!”

அவர் திகைத்துப் போனார். பிறகு கைகளை ஆட்டி, “இல்ல, இல்ல. கோட் இல்ல! கோட் நல்லா. வேலை... வேலை கிராந்தே” என்றார். தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிச் சொன்னார். கம்பெனி அவரை வேறொரு நாட்டுக்கு அனுப்புகிறது. அங்கே மேலாளர் பதவி. பெரிய அலுவலகம், கூட்டங்கள், டை. அந்த வேலை தனக்குப் பெரிது. தொளதொள என்று இருக்கும். தன் அளவுக்கு வெட்டியது அல்ல. அதைத்தான் சொன்னாராம்.

அக்கா நாடாவைச் சுருட்டினாள். “அப்படின்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே” என்றாள், அவரைப் பார்க்காமல்.

“சொன்னேன்” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“மே கேதோ.”

“வச்சுக்கோங்க. உங்க கோட்டுதானே, யாரு கேட்டா?” ஏனென்றால் கடையில் எதையாவது எடுத்துக்கொள்ளும்போதும் அவர் அதே மாதிரி ஏதோ ஒன்று சொல்வார், ‘இதை நானே வைத்துக்கொள்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம் என்பது அவளுக்குப் பழகியிருந்தது.

அவர் கோட்டைக் கழற்றினார். மடித்து மேசைமேல் வைத்தார். தரையைச் சுட்டிக் காட்டினார். “நான். இங்க. போகல.” கொஞ்சம் நிறுத்தி, “ஆஸ்பத்திரி லிப்ட்... பார்த்துக்க ஒரு ஆள் வேணும். நான் கேட்டேன். சரின்னாங்க. நான் இருக்கேன். மே கேதோ.”

இருப்பது. அந்தச் சொல்லுக்கு அதுவும் உண்டு. அக்கா நின்றது நின்றபடி நின்றாள். அவள் கையிலிருந்த நாடா சுருள் தரையில் விழுந்து விரிந்து என் செருப்பு வரை உருண்டு வந்தது. குனிந்து அதை எடுக்கிற சாக்கில் நான் என் கடைக்கு வந்துவிட்டேன். நானும் மனுஷிதானே, எந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். தடுப்பில் காதை வைத்தேனா என்று கேட்காதீர்கள். வைத்தாலும் பயனில்லை, வெகுநேரம் சத்தமே வரவில்லை.

இனி கல்யாணத்துக்குப் பாக்கி அம்மாதான்.

அம்மா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டாள். ஆள்மேல் குறை ஒன்றும் சொல்லவில்லை. “நல்லவனாவே இருக்கட்டும். வேலை தெரிஞ்சவனாவே இருக்கட்டும். அவன் மொழி அவனுக்கு, உன் மொழி உனக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் சண்டை போடணும்னா எந்த மொழியில போடுவீங்க? அர்த்தம் புரியாத சண்டை போட்டு என்ன பிரயோஜனம்?” என்றாள். “வீட்டுல நான் ஒரு வார்த்தை பேசினா அவனுக்குப் புரியுமா? கல்லு மாதிரி உக்காந்திருப்பான். அவன்கிட்ட பேசறதும் செவுத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணு.” அவர் ஒரு முறை வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனபோது அம்மா உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். பேசாமல் இருப்பது அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த எனக்கே பாவமாக இருந்தது. அக்கா வற்புறுத்தவில்லை. “வரும்போது வரட்டும்” என்று விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மாவுக்குக் கண் பரிசோதனை. புதுக் கட்டடத்தில் கண் பிரிவு ஆறாவது மாடி. அக்கா கீழே வரிசையில் நின்று பதிவு செய்துகொண்டிருந்தாள். பொறுமைக்கும் அம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். லிப்ட் திறந்திருப்பதைப் பார்த்ததும் தனியாகவே ஏறி ஆறை அழுத்திவிட்டாள். கதவு மூடியது. நாலாவது மாடியைத் தாண்டியிருக்கும். மின்சாரம் போனது. மழைத் தண்ணீர் எங்கோ புகுந்து மாற்று மின்சாரமும் வரவில்லை. லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சின்ன விளக்கு மட்டும்.

அம்மா பிறகு சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். ஊரில் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

கதவைத் தட்டினாளாம். கூப்பிட்டுப் பார்த்தாளாம். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அப்போது தலைக்கு மேலே துளைகள் போட்ட ஒரு தகட்டிலிருந்து குரல் வந்தது.

“யாரு உள்ள? பயம் வேணாம். நான் இருக்கேன்.”

“யாருப்பா அது?”

“லிப்ட்.”

“லிப்ட்டே பேசுதா?” என்று அம்மா இன்னும் அலறினாள்.

“இல்ல, லிப்ட்... ஆளு. லிப்ட் ஆளு. மேல இருக்கேன்.”

அம்மாவுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. அவருக்கும் பிடிபட்டது. பிறகு அவர், “அம்மா, கொஞ்ச நேரம். கையால திருப்பணும். மெதுவா வரும். நீங்க பேசுங்க” என்றார். உள்ளே இருப்பவர் மயங்கிவிடாமல் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, பேசவிட்டுக்கொண்டே வேலை செய்வது அவர்கள் வழக்கமாம். ஆனால் அவர் யாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னார் என்று பாருங்கள்!

அம்மா பேசினாள். முதலில் அவரைத் திட்டினாள். லிப்ட்டைத் திட்டினாள். மின்சாரத்தைத் திட்டினாள். திட்டு தீர்ந்ததும் தன் கல்யாணத்தில் தொடங்கினாள். மாமியார் வீடு, பிரசவம், கணவரின் இருமல், வாடகை வீடுகள் ஒவ்வொன்றிலும் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரைக்கும். ஒவ்வொரு தடவை மூச்சு வாங்க நிறுத்தும்போதும் மேலிருந்து இரும்பு உரசும் சத்தமும், அதோடு “அப்புறம், அம்மா?” என்ற குரலும் வந்துகொண்டே இருந்தன. லிப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. நடுவில் மகள் பிறந்த கதையைச் சொல்லும்போது அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மேலே சத்தம் நின்றது. “அழ வேணாம், அம்மா. நான் இருக்கேன்” என்றது தகடு.

நான்காவது மாடியில் லிப்ட் நின்று கதவைத் திறந்தார்கள். அக்கா படியேறி ஓடி வந்து மூச்சிரைக்க நின்றாள். அம்மா எழுந்திருக்கவில்லை. “இருங்கடி, சொல்லி முடிக்கல” என்றாளாம்.

லிப்ட்காரர் மேலேயிருந்து இறங்கி வந்தார். கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. முகத்தில் வியர்வை. அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “நான் சொன்னதுல என்ன புரிஞ்சுது உனக்கு?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். “கொஞ்சம்” என்றார். “மாமியார். மழை. குழந்தை... அழகு.”

“இவ குழந்தையில அழகா இருந்தாள்னு சொன்னேன். சரியாத்தான் பிடிச்சிருக்கான்” என்றாள் அம்மா மகளிடம். வழிநெடுக வேறொன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், “உங்கப்பா முப்பது வருஷத்துல ஒரு தடவை ‘அப்புறம்’னு கேட்டதில்லடி. இவன் புரியாமலே கேக்கறான். புரிஞ்சிட்டா இன்னும் நல்லா கேப்பான்” என்றாள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நானும் பழச்சாற்றுக் கடைக்காரரும். அவருடைய மகள் வெகுதூரத்திலிருந்து விமானத்தில் வந்தாள். படத்தில் பள்ளிக்கூடப் பெண். நேரில் அப்பாவின் உயரம், அம்மாவின் சுருட்டை முடி. வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க அக்காவுக்குக் கலக்கம். அந்தப் பெண் என்ன நினைப்பாளோ, அவள் அம்மா இடத்தில் தான் நிற்கலாமோ என்றெல்லாம். அவளிடம் அவள் மொழியில் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தானே கூட்டிவைத்திருந்தாள். என்னிடம்கூடக் காட்டவில்லை.

வந்த அன்று மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “து பாத்ரே மே கேதா பியென்.”

அந்தப் பெண் கண்களை விரித்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். விஷயம் என்னவென்றால், ‘உங்கப்பா எனக்கு நல்லாப் பொருந்தியிருக்கார்’ என்று பேன்ட்டுக்கும் சட்டைக்கும் சொல்வதுபோல் சொல்லிவிட்டாளாம். ஆளைப் பற்றி அந்தச் சொல்லை அப்படிச் சொல்வது வழக்கமில்லையாம். அக்கா முகம் சிவந்தது. ஆனால் அந்தப் பெண் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். காதில் ஏதோ சொன்னாள். “இதுக்கு மேல சரியா யாராலும் சொல்ல முடியாது” என்று சொன்னதாக லிப்ட்காரர் எங்கள் மொழியில் எடுத்துச் சொன்னார். பழச்சாற்றுக் கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

இப்போது மூன்று பேரும் அந்த இரண்டு அறைகளில்தான் இருக்கிறார்கள். சண்டையும் நடக்கிறது, அவள் அவர் மொழியில் தப்பாகத் திட்ட, அவர் எங்கள் மொழியில் தப்பாகப் பதில் சொல்ல, அம்மா நடுவில் இருவரையும் திருத்துகிறாள். மாலையில் வேலை முடிந்து அவர் கடைக்கு வருவார். வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்துக் கொடுப்பார். அந்தப் பெரிய கைகள் துணியில் ஒரு கீறல் விழாமல் நூலை மட்டும் உருவி எடுப்பதைப் பார்த்தால் அதிசயமாக இருக்கும்.

போன மாதம் விடுமுறைக்கு மூன்று பேரும் அவர் ஊருக்குப் போனார்கள், இன்னும் திரும்பவில்லை. அக்கா கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பூட்டியிருக்கிறது என்று சொன்னாலும் ஜனங்கள் கேட்பதில்லை. “அக்கா வந்ததும் கொடுத்துடுங்க” என்று பேன்ட்டையும் கவுனையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். வலி மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு துணிக் குவியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. நேற்று அழைத்தபோது சொன்னேன். பின்னால் கடல்காற்றும் பல பேர் சிரிப்பும் கேட்டது.

“இருக்கட்டும்டி, வந்து பார்த்துக்கறேன்” என்றாள் அக்கா. “நீ மட்டும் கத்தரிக்கோலைத் தொட்டுடாதே.”